தலை மேலே... கால் கீழே! கத்தியா? சுகப்பிரசவமா?

"எம்டன்" கப்பலைக் கேள்விப்படாதவர்கள் துறைமுகப் பக்கத்தில் இருக்க முடியாது. 1914-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி இரவு, சென்னைக் கடலில் இருட்டோடு இருட்டாக வந்து நின்று, சுமார் 130 குண்டுகளை வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மனி போர்க்கப்பல் அது. கெட்டிக்காரப் பயலைப் பார்த்து, "அவன் பெரிய எம்டன்டா!" என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

அந்தக் கப்பல் யாருடைய கொடியைப் பறக்கவிட்டு வந்ததோ, அந்தச் சக்கரவர்த்தி கெய்சர் இரண்டாம் வில்ஹெல்ம். முறுக்கு மீசை. மார்பு நிறையப் பதக்கம். அவருடைய படத்தைப் பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். இடது கையை வாள் பிடியில் ஊன்றியிருப்பார், அல்லது மறைத்து வைத்திருப்பார். காரணம், வலது கையைவிட அது சுமார் 15 சென்டிமீட்டர் குட்டை. சூம்பிய கை.

போரில் பட்ட காயம் அல்ல. பிறக்கும்போது பட்டது!

1859-ம் ஆண்டு ஜனவரி 27-ந்தேதி பெர்லின் அரண்மனையில் அவர் பிறந்தபோது தலை முதலில் வரவில்லை. பிட்டம்தான் முதலில் வந்தது. கை மேலே மாட்டிக்கொண்டது. இழுத்து எடுத்ததில் தோள்பட்டை நரம்பு கெட்டுவிட்டது. தாயார் யார் தெரியுமா? இங்கிலாந்து விக்டோரியா மகாராணியின் மூத்த மகள். வயது 18. தலைப்பிரசவம்.

இதில் கொடுமை என்னவென்றால், பெரிய டாக்டரை அழைத்து எழுதிய அவசரச் சீட்டு ஆள் மூலம் போகாமல் தபால் பெட்டிக்குப் போய்விட்டது. அவர் வந்து சேர்ந்தபோது நேரம் கடந்திருந்தது. அரண்மனைக்கே இந்தக் கதி!

சக்கரவர்த்தி கதை இப்போது எதற்கு என்று கேட்பீர்கள். என் அக்கா கதைக்காகத்தான்.

"இன்னா கெட்டுப் போச்சு?"

கொலை, கொள்ளை, குழாயடிச் சண்டை, கன்டெய்னர் லாரி விபத்து... இதுதான் நான் எழுதுகிற சரக்கு. பிரசவம் பற்றி எனக்கு என்ன தெரியும்? 2023-ம் ஆண்டு அக்டோபர் கடைசியில் தெரிந்துகொள்ள வேண்டி வந்தது.

அக்கா எர்ணாவூரில் இருக்கிறாள். மாமாவுக்குக் கன்டெய்னர் யார்டில் வேலை. அக்காவுக்கு முதல் பிரசவம். 34 வாரம். ஸ்கேன் எடுத்தார்கள். "தலை மேலே இருக்கிறது, பிட்டம் கீழே இருக்கிறது" என்று ரிப்போர்ட் வந்தது.

பக்கத்தில் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) ரிப்போர்ட்டைப் பார்த்த உடனேயே, "சிசேரியன்தான். தேதி குறிச்சிடலாம். அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை மாமாவின் நாலு மாதச் சம்பளம்.

வீட்டில் போர் மூண்டது!

காசிமேட்டில் இருந்து ஆயா வந்து இறங்கினாள். "நான் ஆறு பெத்தேன். ஒண்ணுக்காவது கத்தி வெச்சாங்களா? உன் சித்தப்பன் காலைத்தான் மொதல்ல நீட்னான். இன்னா கெட்டுப் போச்சு?"

சித்தப்பா கதை எங்கள் தெருவுக்கே தெரியும். கால் முன்னால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு விடும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்பெட்டி தூக்குகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா வாசலில் நிற்பார்கள். மூன்று மிதி. காசு வாங்க மாட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

"உசுரோட இருக்கான் பாரு சாட்சி!" என்று ஆயா சொல்லும்போது எதிர்ப்பேச்சு பேச முடியவில்லை.

பாதிப் பேருக்குத் தெரியாத விஷயம்

முதலில், 34 வாரத்தில் தேதி குறிக்க வேண்டிய அவசரமே இல்லை. 28 வாரத்தில் பார்த்தால் ஐந்து குழந்தைகளில் ஒன்று தலை மேலேதான் இருக்கும். பிறகு தானாகவே குட்டிக்கரணம் போட்டுவிடும். நிறைமாதத்தில் 100-க்கு 3 அல்லது 4 குழந்தைகள்தான் அப்படியே நிற்கும். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தலைகீழாக இருப்பதுதான் நேர். நமக்குத்தான் அது தலைகீழ்!

அப்படி நிற்பதிலும் வகை இருக்கிறது. இரண்டு காலையும் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, பிட்டத்தை மட்டும் வாசலில் வைத்திருக்கும் குழந்தை ஒரு வகை. சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது இன்னொரு வகை. ஒரு காலோ இரண்டு காலோ கீழே தொங்கவிட்டுக்கொண்டு நிற்பது மூன்றாவது. இதுதான் பொல்லாதது. பனிக்குடம் உடைந்ததும் காலோடு சேர்ந்து தொப்புள்கொடியும் கீழே நழுவி வந்துவிடும் ஆபத்து அதிகம். கொடி நசுங்கினால் குழந்தைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். அப்புறம் நிமிஷக் கணக்குதான்.

சாதாரணப் பிரசவத்தில் தலை முதலில் வருகிறது. குழந்தையின் உடம்பிலேயே பெரியதும் கெட்டியானதும் தலைதான். தலை வந்துவிட்டால் மற்றது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பிட்டம் முதலில் வந்தால் கதையே வேறு. உடம்பு வந்தாகிவிட்டது, தலை உள்ளே நிற்கிறது. அந்த நேரத்தில் கொடி தலைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் நசுங்குகிறது. தலை வராது என்று தெரிந்துகொள்ளும்போது திரும்பிப் போக வழியில்லை. பயந்துபோய் யாராவது இழுத்தால் கை மேலே போய் மாட்டிக்கொள்ளும். கெய்சருக்கு நடந்தது போல.

கை தேர்ந்தவர்கள் இழுக்க மாட்டார்கள். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். தோள் தெரியும்போது பக்குவமாகத் திருப்பி, கையை விடுவித்து, தலையைக் குனிய வைத்து எடுப்பார்கள். இது ஒரு தொழில் வித்தை. 1844-ல் தொடங்கிய எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியிலும், நம் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியிலும் தலைமுறை தலைமுறையாக டாக்டர்கள் கை வைத்துக் கற்றுக்கொண்ட வித்தை. எழும்பூரின் முதல் இந்தியத் தலைமை டாக்டரான ஆற்காடு லட்சுமணசாமி முதலியார், கிருஷ்ண மேனனோடு சேர்ந்து எழுதிய பிரசவ மருத்துவப் பாடப்புத்தகத்தைப் படித்துத் தேறியவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள்.

2000-ல் விழுந்த குண்டு

2000-ம் ஆண்டு அக்டோபரில் "லான்செட்" மருத்துவப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. கனடா டாக்டர் மேரி ஹன்னா தலைமையில் 26 நாடுகளில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குத் திட்டமிட்ட சிசேரியன். பாதிப் பேருக்குச் சுகப்பிரசவ முயற்சி.

குழந்தை இறந்தது அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டது என்று கணக்கெடுத்தால், சிசேரியன் பிரிவில் 100-க்கு 1.6. சுகப்பிரசவப் பிரிவில் 100-க்கு 5!

உலகமே கத்தியைக் கையில் எடுத்தது. ஹாலந்து நாட்டில் பிட்டம் முன்னால் நிற்கும் குழந்தைகளுக்கு 50 சதவீதமாக இருந்த சிசேரியன், இரண்டே மாதத்தில் 80 சதவீதம் ஆனது. குழந்தைச் சாவும் அங்கே பாதியாகக் குறைந்தது. இது ஒரு பக்கம். மறுபக்கமும் உண்டு. அதே ஹாலந்தில் 2000 முதல் 2002 வரை, இந்தக் காரணத்துக்காகவே தேதி குறித்துச் செய்த சிசேரியனுக்குப் பிறகு நான்கு தாய்மார்கள் இறந்தார்கள்.

ஹன்னா குழுவினரே இரண்டு வருஷம் கழித்துக் குழந்தைகளைத் திரும்பப் பார்த்தார்கள். சாவு, வளர்ச்சிக் குறைவு இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! 2006-ல் பிரான்சும் பெல்ஜியமும் சேர்ந்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மார்களைக் கவனித்து எழுதினார்கள். ஆளைப் பொறுக்கி எடுத்து, கை தேர்ந்த டாக்டர் பக்கத்தில் நின்று, ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தால் சுகப்பிரசவமும் சிசேரியன் அளவுக்குப் பாதுகாப்புதான் என்று வந்தது.

இங்கிலாந்தின் பிரசவ டாக்டர்கள் சங்கம் 2017-ல் போட்ட கணக்கு இது: பிட்டம் முன்னால் நிற்கும் குழந்தைக்குத் தேதி குறித்து சிசேரியன் செய்தால் ஆயிரத்தில் பாதிக் குழந்தை இறக்கும். அதாவது இரண்டாயிரத்துக்கு ஒன்று. சுகப்பிரசவம் பார்த்தால் ஆயிரத்துக்கு 2. தலை கீழே இருக்கும் சாதாரணச் சுகப்பிரசவத்திலேயே ஆயிரத்துக்கு 1. பயமுறுத்தும் வித்தியாசம் அல்ல. ஆனால் இது எல்லா வசதியும் உள்ள இடத்துக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது.

சிசேரியன் என்றால் ஜிப்பைத் திறந்து மூடுகிற வேலை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். ரத்தம் போகும். புண் சீழ் வைக்கும். அடுத்த பிள்ளைக்கு, நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டிக்கொண்டு பிரியாமல் போகலாம். தழும்பு விட்டுப்போகலாம். ஒரே பிள்ளையோடு நிறுத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு. மூன்று வேண்டும் என்கிறவர்களுக்கு வேறு கணக்கு.

"எல்லாம் காசுக்குத்தான் கிழிக்கிறாங்க" என்று ஜனங்கள் பேசுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2015-16 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 34 சிசேரியன். 2019-21-ல் அது 45-ஐத் தொட்டது. இந்தியா முழுக்கப் பார்த்தால் 21.5. தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்தால் தமிழ்நாட்டில் 100-க்கு 64! அரசு ஆஸ்பத்திரியில் 36.

கோபப்பட வேண்டிய கணக்குதான். ஆனால் பிட்டம் முன்னால் நிற்கும் குழந்தைக்கு வைக்கும் கத்தியை இந்தக் கோபத்தில் சேர்க்கக் கூடாது என்பது என் கட்சி. அந்தக் கத்திக்குக் காரணம் இருக்கிறது.

"வீடு எங்கே?"

மாமா அட்வான்ஸ் கட்டவில்லை. அக்காவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

அங்கே ஒரு டாக்டரம்மா, "இன்னும் நேரம் இருக்கு. முதல்ல திருப்பிப் பார்க்கலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வயிற்றுக்கு வெளியே கையை வைத்துக் குழந்தையைத் திருப்புவதாம்! 36 வாரத்துக்குப் பிறகு செய்கிறார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே செய்கிறார்கள். சுமார் பாதிப் பேருக்குத் திரும்பிவிடும். 200 பேரில் ஒருவருக்கு அவசர சிசேரியன் தேவைப்படலாம். அதனால்தான் தியேட்டர் உள்ள இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். எண்ணெய் போட்டு நீவித் திருப்புகிறேன் என்று யாராவது வீட்டுக்கு வந்தால் உள்ளே விடாதீர்கள். இரட்டைப் பிள்ளை, ரத்தப்போக்கு போன்ற சில கேஸ்களுக்கு டாக்டர்களே திருப்ப மாட்டார்கள்.

அக்காவுக்கு இரண்டு முறை முயன்றார்கள். குழந்தை குறுக்கே வரைக்கும் வந்து, மறுபடி பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொண்டது. (எங்கள் வம்சத்துப் பிடிவாதம்!)

டாக்டரம்மா ஸ்கேனை வைத்துக்கொண்டு விளக்கினார். காலை நீட்டிக்கொண்டிருக்கிற வகை. எடை மூன்று கிலோவை ஒட்டி. கழுத்து அண்ணாந்து இல்லை. சுகப்பிரசவம் பார்க்கத் தகுதியான கேஸ்தான்.

ஆயா முகத்தில் வெற்றிச் சிரிப்பு.

"வீடு எங்கே?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"எர்ணாவூர்."

அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

வடசென்னைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் வரிசையைப் பற்றி நானே எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். 108-க்குப் போன் போட்டால் வண்டி வரும். வந்த வண்டி நகர வேண்டுமே! பகலில் மெட்ரோ ரெயில் விம்கோ நகர் வரை ஓடுகிறது என்பது வாஸ்தவம். பனிக்குடம் உடைந்த பெண்ணை நடுராத்திரியில் அதில் ஏற்ற முடியுமா?

டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். "வலி வந்த உடனே இங்கே இருக்கணும். அந்த நேரத்துல இந்த மாதிரி பிரசவம் நிறையப் பார்த்தவங்க டியூட்டியில இருக்கணும். இப்ப வர்ற பசங்களுக்கு இது பழக்கம் குறைவு. எல்லாம் சிசேரியனா போயிட்டதால கத்துக்கற வாய்ப்பே இல்ல. ரெண்டும் அமைஞ்சா நான் பயப்பட மாட்டேன். அமையும்னு நான் எழுதிக் கொடுக்க முடியாது. நீங்க பேசி முடிவு பண்ணுங்க."

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எங்கள் வீட்டில் ஒரு மாதமாக, கத்தி நல்லதா கெட்டதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். கேள்வி அதுவே அல்ல. யார் கை, எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி. அந்த வித்தை தெரிந்த கைகளும் வருஷத்துக்கு வருஷம் ரிடையராகிக்கொண்டிருக்கின்றன.

ஆயா சொல்லாத கணக்கு

அன்று ராத்திரி ஆயா சாப்பிடவில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஆறு இல்லடா. ஏழு" என்றாள்.

சித்தப்பாவுக்கு அடுத்து ஒரு பெண் பிள்ளையாம். அதுவும் கால் முன்னால். மருத்துவச்சி வந்தாள். உடம்பு வந்தது. தலை வரவில்லை. விடிகிற வரைக்கும்...

அப்பாவுக்கே தெரியாத சேதி! அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று ஆயாவுக்குக் காட்டவில்லை. "கால்ல பொறந்தவன் இருக்கான், ஊரே வந்து நிக்குது. கால்ல பொறந்து போனதப் பத்தி எவன் பேசுவான்?" என்றாள்.

காலையில் ஆயாவேதான் மாமாவிடம் சொன்னாள்: "தேதி கேட்டு வாப்பா."

புயலில் வந்த பாப்பா

39 வாரத்தில், டிசம்பர் 5-ந்தேதி செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. எர்ணாவூர் என்பதால் சனிக்கிழமை 2-ந்தேதியே வந்து அட்மிட் ஆகச் சொல்லிவிட்டார் டாக்டரம்மா. மூன்று நாள் முன்னாலேயா என்று மாமா முணுமுணுத்தார்.

அடுத்து நடந்தது உங்களுக்கே தெரியும். 3, 4 தேதிகளில் "மிக்ஜாம்" புயல்! சென்னை மிதந்தது. எர்ணாவூரில் வீடுகளுக்குள் வெள்ளம். வெறும் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை. எண்ணெய் கலந்த கறுப்புத் தண்ணீர். வடிந்த பிறகும் சுவரில் கோடு போட்டது போல் எண்ணெய்க் கறை நின்றதைப் போய்ப் பார்த்து நானே எழுதினேன்.

திங்கட்கிழமை ராத்திரி அக்காவுக்கு வார்டில் படுத்திருக்கும்போதே பனிக்குடம் உடைந்துவிட்டது. போன் வேலை செய்யவில்லை. மாமா எர்ணாவூரில் முட்டளவுத் தண்ணீரில் கட்டிலைச் செங்கல் மேல் ஏற்றிக்கொண்டிருந்தார். ராத்திரி ஒன்றரை மணிக்கு சிசேரியன். பெண் குழந்தை. 2.9 கிலோ. இரண்டு கையும் நேராக இருந்தன. கெய்சர் கதையைப் படித்திருந்த நான் முதலில் எண்ணிப் பார்த்தது அதைத்தான்.

மாமா மறுநாள் மத்தியானம் எண்ணெய்க் காலோடு வந்து நின்றார். வார்டு வாசலில் இருந்த அம்மா அவரை உள்ளே விடவில்லை. கழுவிவிட்டு வரச் சொன்னார்!

அக்காவுக்குத் தையல் ஒரு இடத்தில் சீழ் வைத்தது. இரண்டு வாரம் கட்டு மாற்ற அலைந்தாள். இரண்டு மாதம் தண்ணீர்க் குடம் தூக்கவில்லை. அடுத்த பிள்ளை என்றால் தழும்பு பற்றி முன்கூட்டியே வந்து சொல்ல வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள்.

34 வாரத்து ஸ்கேனில் இப்படி வந்தால் பதற வேண்டாம். 36 வாரத்தில் மறுபடி பாருங்கள். திருப்ப முடியுமா என்று கேளுங்கள். எந்த வகையில் நிற்கிறது என்று கேளுங்கள். இந்த மாதிரி பிரசவம் பார்த்த அனுபவம் இங்கே யாருக்கு இருக்கிறது, ராத்திரியிலும் இருப்பார்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். டாக்டர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டு அட்ரசையும் மறக்காமல் சொல்லுங்கள்.

பாப்பா இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள். போன மாதம் துறைமுகத்து லோடுமேன் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். "கால் முன்னாடி இருந்த பாப்பா இங்கதானே?"

ஆயா உள்ளே இருந்தே குரல் கொடுத்தாள்: "அது வாசல் வழியா வந்தாத்தான்யா ராசி. இத ஜன்னல் வழியா எடுத்தாங்க. ஞாயித்துக்கிழமை காசிமேட்டுக்குப் போ."

அவர் நகரவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டார். பாப்பா ஏறி மிதித்துவிட்டு இறங்கி ஓடியது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டு வாசலிலும் அவரைப் பார்த்தேன்.